சீற் வெட்டின ஆக்களின்ர வீட்டில பாக்கவேண்டிய விசயங்கள்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எழும்பின கன வீட்டுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற்தான் கூரை, அதைக் கிறைண்டரால வெட்டின பெடியளுக்கு இப்ப நாப்பது வயசு தாண்டுது. வெட்டேக்க பறக்கிற அஸ்பெஸ்ரஸ் நார்த் தூசு மூச்சோட உள்ள போய் வாற வருத்தம் உடன காட்டாது, 20 வருசம், சிலருக்கு 40 வருசமும் செல்லும்.

ஒரே சைற்றில நிண்ட ரெண்டு பேரில ஒராளுக்கு மூச்சு இழுக்கும், மற்றவர் சும்மா சைக்கிள் உழக்கித் திரிவார். எவ்வளவு தூசு உள்ள போச்சு எண்டதுதான் முதல் காரணம், ஆனா பரம்பரைக்கும் பங்கிருக்கு. பிஏபி1 எண்ட மரபணு பழுதாப் பிறந்த ஆக்களுக்கு நெஞ்சுறையில, அதாவது நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வில, புற்றுநோய் வர வாய்ப்புக் கூட, 2011ல அமெரிக்காவில ரெண்டு குடும்பத்தில இதைக் கண்டுபிடிச்சவை. தாய் தகப்பனில ஒராளிட்ட இருந்தா பிள்ளைக்கு வர அரைக்கு அரை.

அதுக்காக மரபணு ரெஸ்ற் தேடி அலையாதேங்கோ. அம்மாவிட்டயோ அப்பம்மாவிட்டயோ குந்தியிருந்து கேளுங்கோ, நெஞ்சுறையில, கண்ணுக்குள்ள, சிறுநீரகத்தில புற்றுநோய் வந்த சொந்தம் ஆர் ஆர் எண்டு. ரெண்டு மூண்டு பேருக்கு வந்திருந்தா எழுதிக்கொண்டு போய் டாக்டரிட்டக் குடுங்கோ. வெறும் இருமல் எண்டு மட்டும் சொன்னா ரிபிக்குச் சளிதான் பாப்பினம், அதுவும் பாக்கத்தான் வேணும், ஆனா எந்த வருசம் எவ்வளவு காலம் சீற் வெட்டினனீங்கள் எண்டதை நீங்களாச் சொல்லோணும். மேட்டில ஏறேக்க மூச்சு வாங்குது, விரல் நுனி உருண்டு வீங்குது எண்டா பிந்தாதேங்கோ.

பீடி சிகரெட்டை விடுங்கோ, அஸ்பெஸ்ரஸும் புகையும் சேந்தா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து தனித்தனியா இருக்கிறதைவிடப் பலமடங்கு.

இனியும் சீற் கழட்டுறதெண்டா தண்ணி தெளிச்சு நனைச்சு, ஆணியைக் கழட்டி முழுசா இறக்குங்கோ, உடைக்காதேங்கோ, தும்புத்தடியால காய்ஞ்ச தூசைக் கூட்டவும் வேண்டாம். முகத்துக்கு பி100 இல்லாட்டி எஃப்எஃப்பி3 எண்ட மாஸ்க் போடுங்கோ, என்95 காணாது, துவாய் கட்டினா நார் நிக்காது. வேலை உடுப்பை வீட்டுக்காரி உதறித் தோய்ச்சா அவவுக்கும் தூசுதான், சைற்றிலயே நனைச்சுக் கழட்டுங்கோ.

நீல அஸ்பெஸ்ரஸை இலங்கையில 1987ல தடை செய்தாச்சு, இப்ப வாறது வெள்ளை, பயமில்லை எண்டு கடையில சொல்லுவினம். வெள்ளையும் புற்றுநோய் தரும்.

எடுத்த எக்ஸ்ரேயை எறியாதேங்கோ, பேந்து ஒப்பிட்டுப் பாக்க டாக்டருக்கு வேணும், முகட்டில சுருட்டிச் சொருகினா மாரிக்கு ஒட்டிப்போகும், மெத்தைக்குக் கீழ தட்டையா வையுங்கோ.