மாட்டைத் தேடுங்கள், ஆள் கிடைப்பார்

என் மருமகள் அமெரிக்காக்காரி. அவளுடைய தாய்வழி முன்னோர் ஒருவர் 1850-களில் இல்லினாய் மாநிலத்தில் விவசாயமும் மாட்டு வியாபாரமும் செய்தவர். ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல் அவருடைய வரலாற்றைத் தோண்ட உட்கார்ந்த நான், இரண்டு ஆண்டுகளில் செய்யாத தவறில்லை. அதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக அவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் தவறு சினிமா பார்த்து வந்தது. மாட்டு வியாபாரி என்றதும் அகலத் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருகிறவரைக் கற்பனை செய்துகொண்டு டெக்சாஸ், கன்சாஸ் பக்கமே அலைந்தேன். கன்சாஸின் அபிலீனில் ஜோசப் மெக்காய் தொழுவங்கள் அமைத்து, டெக்சாஸ் மாடுகளை ரயிலேற்றத் தொடங்கியதே 1867-இல்தான். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1805-இல், ஒஹாயோவின் சயோட்டோ பள்ளத்தாக்கிலிருந்து ஜார்ஜ் ரெனிக் என்பவர் கொழுத்த மாடுகளை மலை தாண்டி பால்டிமோர் வரை நடத்தியே கொண்டுபோய் விற்றுவிட்டார். ஒஹாயோ, இல்லினாய் வட்டாரத்து வியாபாரிகள் வயலும் வீடும் உள்ள சம்சாரிகள். அக்கம்பக்கத்தில் இளைத்த மாடுகளை வாங்கி, குளிர்காலம் முழுக்க மக்காச்சோளம் போட்டுத் தேற்றி, சந்தைக்கு ஓட்டுவார்கள்.

இரண்டாவது, ஊர் எங்கே இருக்கிறது என்று இன்றைய வரைபடத்தைப் பார்ப்பது. கென்டக்கியில் 1797-இல் பிறந்த ஐசக் ஃபங்க், பெரிய பண்ணையாராகவும் மாட்டு வியாபாரியாகவும் பெயர் பெற்றவர். இல்லினாயின் ஃபங்க்ஸ் குரோவில் 1824-இல் குடியேறினார். இன்று அது மெக்லீன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). ஆனால் அந்தக் கவுண்டியே 1830 டிசம்பரில்தான் டாஸ்வெல் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய காகிதத்தை மெக்லீனில் கேட்டால் இல்லை என்பார்கள். ஆள் நகரவே இல்லை, எல்லைதான் நகர்ந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விழுகிற பள்ளங்கள் வேறு. அடிமைகள் தவிர வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதும் வழக்கம் 1850-இல் வந்தது. அதற்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. யார் யாருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் சேர்ந்தது. எனவே 1850 தாளில் குடும்பத் தலைவருக்குக் கீழே இருக்கும் பெண்ணை மனைவி என்றும் பையனை மகன் என்றும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதினேன். பையன் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த கூலியாள். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பாழாகிவிட்டது. ஆகவே 1880-க்கும் 1900-க்கும் இடையில் இருபது ஆண்டு இருட்டு. அதைத் தாண்ட வரி ஏடுகளும் நிலப் பத்திரங்களும்தான் துணை.

நான் அதிகம் ஏமாந்தது விவசாயக் கணக்கில். 1850 முதல் 1880 வரையிலான கணக்கெடுப்புகளில் பண்ணைகளுக்கென்று தனிக் கணக்கு உண்டு, பண்ணைக்கு ஒரு வரிசை: குதிரை, கோவேறு கழுதை, கறவை மாடு, உழவு எருது, மற்ற மாடுகள், செம்மறி ஆடு, பன்றி என்று கட்டம் கட்டமாக. எங்கள் ஆளின் ‘மற்ற மாடுகள்’ கட்டத்தில் பதினொன்று என்று இருந்தது. பதினொரு மாட்டை வைத்துக்கொண்டு வியாபாரியாம், குடும்பம் பெருமைக்குச் சொன்ன கதை என்று முடிவுகட்டினேன். அந்தக் கால்நடைக் கணக்கு ஜூன் 1 நிலவரம் என்பது உறைக்கவில்லை. குளிர்காலத்தில் தேற்றிய மந்தை அதற்குள் விற்றுப் போயிருக்கும். தொழுவம் காலியாக இருந்த நாளில் எண்ணிவிட்டு ஆளையே சந்தேகப்பட்டேன்.

மந்தை வேறு இடத்தில் கிடைத்தது: கவுண்டி பதிவேட்டில், மாடுகளை அடமானம் வைத்து வாங்கிய கடன் பத்திரத்தில். சிவப்பு எருதுகள், மூன்று வயது, இடது காதில் பிளவு என்று அடையாளத்தோடு எழுதியிருந்தது. காது வெட்டுக்குறிகளையும் சூட்டுக்குறிகளையும் கவுண்டியில் பதிந்து வைப்பார்கள். பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரைப் பிரிக்க அதைவிட நம்பகமான சாட்சி கிடைப்பது அரிது. பிறப்பு, திருமணம், கல்லறை என்றே தேடாமல் கடன் வழக்குகளையும் புரட்டுங்கள். மாட்டு வியாபாரி என்றால் யாரோ ஒருவர் அவர்மேல் வழக்குப் போட்டிருப்பார்.

பெயருக்குப் பின்னால் ஜூனியர் என்று இருந்தால் மகன் என்று எண்ண வேண்டாம். ஒரே ஊரில் ஒரே பெயருடைய இளையவர், அவ்வளவுதான். சித்தப்பாவின் மகனாகவும் இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். 1870, 80-களில் வெளியான கவுண்டி வரலாற்று நூல்களின் புகழுரைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரலாறு இடம்பெற்றவரே பெரும்பாலும் சந்தாவும் கட்டியிருப்பார், தகவலும் கொடுத்திருப்பார்.

குடும்பம் கென்டக்கியிலிருந்து வந்தது என்றால், அங்கே இறந்துபோன தாத்தாவின் சொத்துப் பட்டியலை அவசியம் பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள், அல்லது பார்த்துவிட்டு மறைக்கிறார்கள். நான் பார்த்த பட்டியலில் ஒரு கிழட்டுக் குதிரை, இரண்டு கறவை மாடுகள், கலப்பை, அதற்கு அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், அவளுடைய குழந்தையின் பெயர், எதிரே டாலர் மதிப்பு. 1850, 1860 அடிமைக் கணக்குத் தாள்களில் பெரும்பாலும் உடைமையாளரின் பெயர்தான் உண்டு. அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டும். அந்தப் பெண்ணின் வழிவந்தவர்கள் யாராவது இன்று அவளைத் தேடிக்கொண்டிருந்தால், அவர்கள் கண்ணில் பட வேண்டிய தாள் எங்கள் குடும்பத்துக் கோப்பில் இருக்கிறது. மருமகள் அதைப் படியெடுத்து, இரண்டு பெயர்களும் தெளிவாகத் தெரியும்படி இணையத்தில் ஏற்றியிருக்கிறாள்.