எம்.எஸ். நோயாளியின் தூக்கம்: வீட்டில் செய்யும் தவறுகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை பழுதாகும் நோய், உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால், "நரம்பு வியாதி, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். ராத்திரியில் எழுப்பிவிடுவது பெரும்பாலும் சிறுநீர், தசை இறுக்கம், கால் குடைச்சல், வலி, மனச்சோர்வு என்று பெயர் சொல்லக்கூடிய ஒன்று. எதுவென்று தெரிந்தால் வைத்தியமும் உண்டு.

அடுத்தது தண்ணீர். தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், ராத்திரி எழுந்திருக்கப் பயந்து மாலை ஐந்து மணிக்கே செம்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். சித்திரை வெயிலில் இந்தக் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைகிறது. தண்ணீரையும் நிறுத்தினால் சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கலும் கிருமித்தொற்றும் பின்னாலேயே வரும். தொற்றில் காய்ச்சல் அடித்தால் பழைய அறிகுறிகள் தலைதூக்கி, நோயே திரும்பத் தாக்கியதுபோலத் தோன்றும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்தால் போதும். மாலை டீயை விடுவது நம் ஊரில் கஷ்டம்தான். ஆனாலும் விட வேண்டும். சிறுநீர் மிச்சமில்லாமல் கழிகிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சம் தங்கினால் சிகிச்சையே வேறு.

படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியவில்லை, எழுந்து நடந்தால் அடங்குகிறது என்றால் அது தசை இறுக்கம் அல்ல, கால் குடைச்சல். தைலம் தேய்ப்பதோடு நிற்காமல், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேளுங்கள். தூக்கம் வரும் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் அலர்ஜி மாத்திரை இந்தக் குடைச்சலைக் கூட்டிவிடக்கூடும்.

தசை இறுக்கத்துக்குக் கொடுத்த பேக்லோஃபெனை, பகலில் அசத்துகிறது என்று திடீரென நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரை கொண்டுபோகும். நோய் திரும்பத் தாக்கியதற்காக ஸ்டீராய்டு ஏற்றும் நாட்களில் தூக்கம் போவது மருந்தின் வேலை. அதைக் காலையிலேயே ஏற்ற முடியுமா என்று கேட்கலாம்.

சூடேறினால் பழுதான நரம்பு இன்னும் மந்தமாகும். திருடனுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் படுக்க வைக்காதீர்கள். கம்பி வலை அடித்துத் திறந்து வையுங்கள்.

பகல் முழுக்க அசதி என்றால் அதையும் எம்.எஸ். கணக்கில் எழுதிவிடுகிறோம். தூக்கத்தில் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்றாலும் அந்த அசதி வரும். அது அவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே மதுரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது மனைவியோ மகளோ வெளியே பெஞ்சில் உட்காராமல் கூடவே உள்ளே போக வேண்டும்.