கேர்னல் மாறியதும் டிவிடி ரைட்டர் முரண்டு பிடித்தால்

பென் டிரைவ் காலத்திலும் அரங்கேற்ற வீடியோவை டிவிடியில்தான் கேட்கும் பெரியம்மாமார் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே வைத்திருக்கும் ரைட்டர், உபுண்டு லினக்ஸின் கேர்னலை, அதாவது கருவிகளை இயக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்த அடுத்த நாள் கணினியில் காணாமல் போய்விடும். இல்லாவிட்டால் டிஸ்கைப் படிக்கும், எழுத மட்டும் மாட்டேன் என்னும். உடனே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் புது ரைட்டர் வாங்க ஓட வேண்டாம். கோளாறு கேர்னலிலா, கருவியிலா என்று வீட்டில் இருந்தே கண்டுபிடிக்கலாம்.

கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதல் படி, ரீஸ்டார்ட். கேலி இல்லை. மூடித் திறந்தே மாதக்கணக்கில் ஓடும் லேப்டாப்பில், புதுக் கேர்னல் வன்வட்டில் இருக்கும், பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்ச் போன்ற சில லினக்ஸ்களில் அப்டேட்டோடு பழைய கேர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது கேர்னலோடு சேரும் துண்டுகள்) அழிந்துவிடும். அந்த நிலையில் யூஎஸ்பி ரைட்டரைச் செருகினால் அதற்கான மாட்யூல் கிடைக்காது. ரீஸ்டார்ட் செய்தபின் 'யூநேம் -ஆர்' கொடுத்து, எந்தக் கேர்னல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படிதான் முக்கியமானது: பழைய கேர்னலில் ஏறிப் பார்ப்பது. உபுண்டு முந்தைய கேர்னலை வழக்கமாக வைத்தே இருக்கும். கணினி தொடங்கும்போது, அதைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள் பழைய பயோஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். புதிய வகையான யூஈஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரு தடவை தட்டுங்கள். பதற்றத்தில் பல தடவை தட்டினால் கேர்னலைத் தேர்ந்து ஏற்றும் க்ரப் மென்பொருளின் வெறும் கட்டளைத் திரை வந்து நிற்கும். பயப்படாமல் கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி தொடங்கலாம். மெனு வந்ததும் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், எண் குறைந்த கேர்னலைத் தேர்ந்தெடுங்கள்.

பழையதில் ரைட்டர் ஒழுங்காக வேலை செய்தால் சந்தேகம் புதுக் கேர்னல் மீதுதான். இரண்டிலும் வேலை செய்யாவிட்டால் கேர்னலை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். மெல்லிய யூஎஸ்பி ரைட்டர்கள் எழுதும்போது அதிக மின்சாரம் இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஹப்பில் செருகியிருந்தால் கழற்றி நேரடியாகக் கணினியில் செருகுங்கள். பாதிப் பழுது அங்கேயே தீரும்.

சரி, புதுக் கேர்னலுக்குத் திரும்புவோம். 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டுங்கள். பட்டியலில் 'எஸ்ஆர்0' இருந்தால் கேர்னலுக்கு ரைட்டர் தெரிகிறது. இல்லாவிட்டால் 'சூடோ மோட்ப்ரோப் எஸ்ஆர்_மோட்' கொடுத்து, டிஸ்க் கருவிக்கான மாட்யூலை ஏற்றி, மறுபடி பாருங்கள். ஏற்றிய மாட்யூல்களைக் காட்டும் 'எல்எஸ்மோட்' பட்டியலில் இந்த மாட்யூல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சில கேர்னல்களில் அது உள்ளேயே கட்டப்பட்டிருக்கும்.

படிக்கிறது, எழுதவில்லை என்பவர்கள் அனுமதியைப் பார்க்க வேண்டும். எழுதும் மென்பொருள் கருவிக்கு நேரடியாகக் கட்டளை அனுப்புகிறது, அதற்கு உங்கள் பயனர் கணக்கு 'சீடிராம்' குழுவில் இருப்பது நல்லது. 'சூடோ அட்யூசர்', அடுத்து உங்கள் பயனர் பெயர், அடுத்து 'சீடிராம்'. பிறகு லாக் அவுட் செய்து திரும்பி வாருங்கள். 'யூசர்மாட்' கட்டளையைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அதில் சிறிய 'ஏ' ஒன்றை விட்டுவிட்டால் மற்றக் குழுக்களில் இருந்தெல்லாம் உங்களை நீக்கிவிடும், நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் சூடோ உரிமை உட்பட. அப்புறம் அழுது பயனில்லை. அனுமதி சரியாக இருந்தும் மென்பொருள் ரைட்டரைக் காணவில்லை என்றால் 'சூடோ மோட்ப்ரோப் எஸ்ஜி' கொடுங்கள். சில மென்பொருள்கள் இந்த மாட்யூலைத் தேடும்.

இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை. 'ஐடிஈ-ஸ்கஸி' என்ற பழைய மாட்யூலைப் பூட் வரியில் (கணினி தொடங்கும்போது கேர்னலுக்குத் தரும் வரி) சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் கண்ணில் படும். அது 2.4 கேர்னல் காலத்து வைத்தியம். 2003 டிசம்பரில் வந்த 2.6 அந்தத் தேவையை நீக்கியது. 2004 ஆகஸ்ட்டில் வந்த 2.6.8, பாதுகாப்புக்காகக் கட்டளைகளை வடிகட்டத் தொடங்கியதால் சாதாரணப் பயனர்களால் சீடி எழுத முடியாமல் போனது. எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கிலேயே ஓட்டு என்ற அறிவுரை அப்போது பரவியது. இன்றைக்கு இரண்டும் வேண்டாம். 'எச்டிசி' என்ற கருவிப் பெயர் வரும் பக்கத்தையும் கடந்துபோங்கள், இப்போது அது 'எஸ்ஆர்0'.

எல்லாம் சரியானதும் முதலில் அழித்து எழுதக்கூடிய ஒரு ஆர்டபிள்யூ டிஸ்கில் சோதியுங்கள். டிஸ்க் எழுதும் கே3பி மென்பொருளில், எழுதியதைச் சரிபார்க்கும் தெரிவை இயக்கிவிட்டு, குறைந்த வேகத்தில் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தும் புதுக் கேர்னலில் மட்டும் எழுதவில்லையா? எழுத வேண்டிய நாளில் மெனுவில் பழைய கேர்னலைத் தேர்ந்து வேலையை முடியுங்கள். புதியதை நிரந்தரமாகத் தடுத்து வைக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடுதான் வருகின்றன. புதுக் கேர்னலில் இருக்கும்போது 'உபுண்டு-பக் லினக்ஸ்' கட்டளை கொடுத்தால் பிழை அறிக்கைக்கு வேண்டிய விவரங்களை அதுவே திரட்டும். எந்தக் கேர்னலில் எழுதியது, எதில் எழுதவில்லை என்று முதல் வரியிலேயே நீங்கள் சேர்த்துவிடுங்கள், திருத்துபவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.