தொடக்ககால வீடியோ கேம் வரலாறு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உலகின் முதல் வீடியோ கேம் பாங்" என்று தொடங்கும் கட்டுரைகளும் காணொளிகளும் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. மட்டையால் பந்தைத் திருப்பியடிக்கும் அந்த ஆட்டத்தை அட்டாரி நிறுவனம் வெளியிட்டது 1972 நவம்பரில். அதற்கு ஓராண்டு முன்பே, காசு போட்டு ஆடும் கம்ப்யூட்டர் ஸ்பேஸ் இயந்திரத்தை நட்டிங் அசோசியேட்ஸ் விற்பனைக்கு விட்டிருந்தது. அதை வடிவமைத்த நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும்தான் பிறகு அட்டாரியைத் தொடங்கினார்கள். அதே 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேலக்ஸி கேம் என்ற இயந்திரத்தில் 10 சென்ட் போட்டு மாணவர்கள் ஆடினார்கள். இன்னும் பின்னால் போனால் 1962இன் ஸ்பேஸ்வார், 1958இன் டென்னிஸ் ஃபார் டூ, 1952இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் ஓடிய ஆக்ஸோ என்று வரிசை நீள்கிறது. ஆகவே "முதல்" என்று எழுதுமுன் எதில் முதல் என்று சொல்லிவிடுங்கள்: திரையில் ஓடியதா, காசு போட்டு ஆடியதா, வீட்டுக்கு வந்ததா, வணிகத்தில் பெரிய வெற்றி கண்டதா? இவற்றில் பாங்குக்கு உரியது கடைசி ஒன்று மட்டும்.

இதைவிடப் பெரிய தவறு, முந்தியதையெல்லாம் மூலமாக ஆக்கிவிடுவது. டென்னிஸ் ஃபார் டூவை வில்லியம் ஹிகின்பாதம் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தின் பார்வையாளர் தினத்துக்காகச் செய்தார். ஓர் அனலாக் கணினி, மின்னலைகளைக் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியின் ஐந்து அங்குலத் திரை, அவ்வளவுதான். 1959இல் மீண்டும் காட்டிய பிறகு பாகங்களைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆச்சரியமான சாதனை, ஆனால் பின்னால் வந்த கேம்களுக்கு அது வழிகாட்டியதாகத் தடயம் இல்லை. ஸ்பேஸ்வார் கதை வேறு. எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் பி.டி.பி-1 கணினிக்கு எழுதிய அந்த நிரல் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. கம்ப்யூட்டர் ஸ்பேஸ், கேலக்ஸி கேம் இரண்டுமே அதைக் காசு இயந்திரமாக்கும் முயற்சிகள்தான். ஒரு கேம் இன்னொன்றைப் பாதித்தது என்று எழுதினால், யார், எங்கே, எப்போது அதைப் பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுத முடிய வேண்டும்.

பாங் விஷயத்தில் அப்படி எழுத முடிகிறது. ரால்ஃப் பேர் உருவாக்கிய, டிவியில் இணைத்து டேபிள் டென்னிஸ் உள்ளிட்ட ஆட்டங்களை ஆடும் வீட்டு கன்சோலான மாக்னவாக்ஸ் ஒடிஸியின் செயல்விளக்கம் 1972 மே 24 அன்று கலிபோர்னியாவின் பர்லிங்கேமில் நடந்தது. வருகைப் பதிவேட்டில் புஷ்னெலின் கையெழுத்து இருக்கிறது. காப்புரிமை மீறல் என்று மாக்னவாக்ஸ் 1974இல் வழக்குப் போட, 1976இல் அட்டாரி உடன்பாட்டுக்கு வந்து உரிமம் பெற்றது. இதைப் படித்ததும் "பாங் வெறும் நகல்" என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறே. ஒடிஸியில் ஒலி இல்லை, திரையில் ஸ்கோர் இல்லை. ஸ்கோரைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பாங்கை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் மட்டையை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, பந்து எந்தத் துண்டில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகமும் கூடும். பாங்கை விடாமல் ஆட வைத்தது இந்த இரண்டும்தான்.

"பாங்கின் நிரலை எழுதியவர் ஆல்கார்ன்" என்ற வரியும் அடிக்கடி வருகிறது. பாங்கில் நிரலே கிடையாது. பிராசசரும் இல்லை, முழுவதும் லாஜிக் சிப்களைக் கம்பிவழி இணைத்த சர்க்யூட். அதனால் பாங்குக்கு, கேம் நிரலின் பிரதியான ரோம் கோப்பு தேடி அலைய வேண்டாம். அசலை கணினியில் பார்க்க வேண்டுமானால் அந்தச் சர்க்யூட்டையே போலச்செய்து காட்டும் எமுலேட்டர் மென்பொருள் தேவை. மட்டை திரையின் மேல் விளிம்புவரை போகாததற்கும் காரணம் சர்க்யூட்டில் இருந்த குறைதான். ஆட்டம் முடிவின்றி நீளாமல் இருக்க அது உதவியதால் ஆல்கார்ன் அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தை மாற்ற ஒடிஸியில் செருகும் அட்டைகளை கார்ட்ரிட்ஜ் என்பதும் இதே வகைப் பிழை. அவற்றில் நினைவகம் இல்லை. உள்ளிருக்கும் இணைப்புகளை மாற்றுவது மட்டுமே அவற்றின் வேலை. கேமை நினைவக சிப்பில் பதித்த ரோம் கார்ட்ரிட்ஜுடன் வந்த முதல் கன்சோல் 1976இன் ஃபேர்சைல்ட் சானல் எஃப், அட்டாரி வி.சி.எஸ். அடுத்த ஆண்டுதான் வந்தது.

கீழிறங்கி வரும் எதிரிக் கூட்டத்தைச் சுடும் ஆட்டமான, 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பற்றி எழுதும்போது, "எதிரிகள் குறையக் குறைய பிராசசரின் சுமை குறைந்து வேகம் கூடியது" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிரல் செய்வது இன்னும் துல்லியமானது: ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரைப் படம் ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்துக்கு, ஓர் எதிரியை மட்டும் நகர்த்துகிறது. தொடக்கத்தில் 11 பேர் கொண்ட 5 வரிசைகள், மொத்தம் 55. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் முழுக் கூட்டமும் ஓரடி வைக்க ஏறத்தாழ 0.9 நொடி. பத்துப் பேர் மிஞ்சினால் 0.17 நொடி. கடைசி ஆள் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்வான். வடிவமைத்த டோமோஹிரோ நிஷிகாடோ இதைச் சரிசெய்யாமல் விட்டதால்தான் சிரமம் தானாகக் கூடும் ஆட்டமுறை கிடைத்தது. ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்ற கதையை விட்டுவிடுங்கள். நாணயம் அச்சிட்ட கணக்குகள் அதை ஆதரிக்கவில்லை.

1983இல் வீடியோ கேம் சந்தை கண்ட வீழ்ச்சியை அட்டாரியின் ஈ.டி. என்ற ஒரே கேமின் தலையில் கட்டுவதும் வேண்டாம். சரக்கு மிகுதி, தரமற்ற கார்ட்ரிட்ஜ்களின் பெருக்கம், விலை சரிந்த வீட்டுக் கணினிகள் எல்லாம் சேர்ந்த விளைவு அது. அட்டாரி தன் சரக்கைப் புதைத்த அமெரிக்காவின் அலமோகோர்டோ குப்பைக்கிடங்கிலிருந்து 2014இல் எடுத்த சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்களில் ஈ.டி. பத்தில் ஒரு பங்குதான். "உலகச் சந்தை சரிந்தது" என்பதும் பொருந்தாது. சரிவு வட அமெரிக்காவில். ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோல் விற்பனைக்கு வந்ததே 1983 ஜூலையில்தான்.

படங்களிலும் கவனம் வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் முதல் இயந்திரத்தில் இருந்தது கறுப்பு வெள்ளைத் திரை. நிறம் அதன்மேல் ஒட்டிய வண்ணத் தாள்களிலிருந்து வந்தது. வண்ணத் திரைப் பதிப்பு பின்னர் வந்தது. டெட்ரிஸ் 1984 என்று தலைப்பிட்டு 1989இன் கேம்பாய் கையடக்க கன்சோலில் ஓடிய பதிப்பின் படத்தைப் போடக்கூடாது. அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில் முதலில் எழுதிய பதிப்பு எலெக்ட்ரோனிகா 60 கணினியில் ஓடியது. அதில் வரைகலை வசதி இல்லாததால் கட்டங்களை அடைப்புக்குறிகளால் வரைந்தார். எந்தப் படத்தின் கீழும் இயந்திரத்தின் பெயர், ஆண்டு, வெளியான நாடு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்தப் படத்தைப் போட வேண்டாம்.