கம்பிவலைக்கு இருபுறமும்

பெரம்பூரில் எங்கள் வீட்டில் தனியாக இருந்த, எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணியான ஆண் ஜெர்பிலுக்குத் துணையாக இன்னோர் ஆணை வாங்கிவந்து, அன்று மாலையே ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டது என் தவறு. அரை நிமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கவ்வியபடி பந்துபோல் உருண்டன. கைக்குக் கிடைத்த அடுப்படித் துணியைச் சுற்றிக்கொண்டு பிரித்தபோது, புதியதன் வாலடியில் இரத்தம் துளிர்த்திருந்தது.

ஜெர்பில்கள் தம் இனக்கூட்டத்தை வாசனையால் அறிகின்றன. அந்நிய வாசனை வந்தால் விரட்டவே பார்க்கும். எனவே காயம் ஆறியபின், பாரிமுனையில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை வாங்கி (பிளாஸ்டிக் வலையைக் கடித்தே துளைத்துவிடும்), சட்டமடித்து, தொட்டியின் நடுவே மூடிவரை இடைவெளியின்றி நிறுத்தினேன். ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகும்படி, நாள்தோறும் 3 முறை, அடியில் பரப்பிய மரத்தூளை மாற்றாமல், ஜெர்பில்களை மட்டும் பக்கம் மாற்றிவிட்டேன்.

முதல் 4 நாள்கள் வலையைக் கடித்தன. பின்னங்காலால் தரையைத் தட்டின. 8ஆம் நாள் வலையோரம் இரண்டும் ஒட்டிப் படுத்திருந்தன. ஆனாலும் பட்ட அனுபவம் போதும் என்று மேலும் 4 நாள்கள் பொறுத்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, உரிமை கொண்டாட இடமில்லாதபடி குடிலையும் சக்கரத்தையும் அகற்றி, வலையை எடுத்துவிட்டு, தடித்த கையுறையுடன் அருகில் அமர்ந்தேன். மயிர் சிலிர்த்து, பக்கவாட்டில் நெருங்கினால் உடனே பிரிப்பதாக இருந்தேன். பழையது மெல்ல வந்து, புதியதன் வாய்க்கு அடியில் தலையை நுழைத்தது. புதியது அதன் காதை நக்கியது. குடிலை ஒரு வாரம் கழித்தே திரும்ப வைத்தேன்.