உருகி வழியும் எழுத்தை வரைவது எப்படி?

தம்பியின் கல்லூரி விழாவுக்கு 1966-ஆம் வருட சான் பிரான்சிஸ்கோ போஸ்டர் மாதிரி ஒன்று வேண்டுமாம், எழுத்தெல்லாம் தீக்கொழுந்தாய் நெளியுமே, பெயரைப் படிக்கவே நின்று உற்றுப் பார்க்க வேண்டுமே, அந்த வகை. ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். பதினைந்து தாள் குப்பைக்குப் போனது.

வேண்டியவை: ஏ4 தாள், பென்சில், கறுப்பு மார்க்கர், மெல்லிய முனைப் பேனா. கணினியில் ஆரம்பிக்காதீர்கள். இதற்கென்று கிடைக்கும் இலவச ஃபான்ட்களில் ஒரே எழுத்து எங்கே வந்தாலும் ஒரே மாதிரிதான் நெளிகிறது, பார்த்ததும் குட்டு உடைந்துவிடும்.

முதலில் ஒரு வடிவம் வரையுங்கள். தீ, அலை, கூந்தல், எதுவானாலும் சரி. சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை துண்டாக அதை வளைகோடுகளால் பிரியுங்கள். துண்டுகள் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை.

நான் சறுக்கியது அடுத்த படியில். எழுத்தை வழக்கம்போல எழுதிவிட்டு அதைத் தடிப்பாக்கினேன், வளைத்தேன், இழுத்தேன். பலூன் மாதிரி உப்பியதே தவிர அந்தக் களை வரவில்லை. அப்புறம்தான் இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடினேன். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் பில் கிரஹாம் நடத்திய இசை நிகழ்ச்சிகளுக்கு இப்படிப் போஸ்டர் வரைந்தவர் வெஸ் வில்சன். அவர் பிடித்துக்கொண்டது வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலர் அறுபது வருடம் முன்பு போட்ட எழுத்தை. செசெஷன் என்ற வியன்னா ஓவியர் குழுவின் 16-வது கண்காட்சிக்கு 1903-ல் ரோலர் வரைந்த போஸ்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்தை விளிம்புவரை அடைத்துக்கொண்டிருக்கும், உள்ளே மெல்லிய கீற்றுகள் மட்டும் வெட்டியிருக்கும்.

அதாவது எழுத்தை வரையவே கூடாது, இடைவெளியைத்தான் வரைய வேண்டும். துண்டு முழுவதும் கறுப்பு என்று வைத்துக்கொண்டு, எந்தக் கீற்றை வெள்ளையாக விட்டால் அது 'ப' ஆகும், எதை விட்டால் 'ட' ஆகும் என்று யோசியுங்கள். கீற்றுகளும் துண்டுகளுக்கு நடுவே விடும் கோடும் ஒரே அகலம், சுமார் ஒரு மில்லிமீட்டர். இது கூடிக் குறைந்தால் மொத்தமும் குலைந்துவிடும்.

நிறத்துக்கு, அதே காலத்தில் அங்கே போஸ்டர் வரைந்த விக்டர் மோஸ்கோசோவிடம் போகலாம். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர், படிப்பை அப்படியே தலைகீழாகப் போட்டார். சிவப்பும் பச்சையும் போல எதிரெதிர் நிறங்களை ஒரே வெளிச்ச அளவில் பக்கத்தில் வைத்தால், எதை முன்னால் எடுப்பது என்று தெரியாமல் கண் தடுமாறும், எல்லைக்கோடு துடிக்கும். சரியாக அமைந்ததா என்று பார்க்க மொபைலில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எழுத்து பின்னணியோடு கலந்து காணாமல் போனால் வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: 'மரம்' என்று போட்டால் 'மரம' என்று படிக்கிறார்கள் என ஒருவர் கமென்ட்டில் கேட்டிருந்தார். ஆமாம், ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், நமக்கு மேலே புள்ளி நிற்கிறது. அதை வெளியே தொங்கவிடாமல் துண்டின் மேல் ஓரத்திலேயே வெள்ளை ஓட்டையாக வெட்டிவிடுங்கள். பயப்படாமல் பெரிதாகவே வெட்டலாம். 'கி', 'கீ' கொக்கிகளுக்கு எனக்கும் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை, முதல் முயற்சிக்கு 'படகு' மாதிரி சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.