சிறு கீறல் கண்புரை அறுவை: டனலிலிருந்து தொடங்கும் பயிற்சி

சிறு கீறல் கண்புரை அறுவையில் தையல் தேவைப்படாமல் போவதற்குக் காரணம் கீறலின் சிறுமை அன்று. வெண்விழியில் தொடங்கிக் கருவிழிக்குள் (கார்னியா) சென்று முடியும் சுரங்கவழியின், அதாவது டனலின், அமைப்பே. 1992 முதல் மதுரையின் ஆரோலேப் நிறுவனம் மலிவாகத் தயாரித்துவரும் உள்விழி லென்ஸ்களில் மடங்காத வகையை வைக்கவே ஏறத்தாழ 6 மி.மீ. அகலம் வேண்டும். ஆகவே பயிற்சியின் தொடக்கத்தை டனலுக்கே ஒதுக்குவது நல்லது என்பது என் கருத்து.

முதலில் ஆட்டுக்கண்ணில் பழகவேண்டும். வெண்விழியும் கருவிழியும் சேரும் எல்லையான லிம்பஸிலிருந்து 1.5 முதல் 2 மி.மீ. பின்னால், முனைகள் லிம்பஸை விட்டு விலகும்படி வளைந்த கீறலிட்டு, வெண்விழியின் பாதி ஆழத்தில் கிரசென்ட் பிளேடை (பிறைவடிவக் கத்தியை) செலுத்தி, தெளிந்த கருவிழிக்குள் 1 முதல் 1.5 மி.மீ. வரை கொண்டுசெல்லவேண்டும். பிளேடு மங்கலாகத் தெரிந்தால் ஆழம் சரி; பளிச்சென்று தெரிந்தால் டனலின் கூரை மெலிந்து துளைபடும்; அறவே தெரியாவிட்டால் முன்னறைக்குள் (கருவிழிக்குப் பின்னுள்ள திரவ அறைக்குள்) உரிய இடத்திற்கு முன்பே நுழைந்து, ஐரிஸ் (கண்ணின் நிறத்திரை) பிதுங்க வழியாகும். தவறு நேர்ந்தால் அதே தளத்தில் தொடராமல், டனலின் மறுமுனையிலிருந்து சரியான ஆழத்தில் புதிதாகத் தொடங்கவேண்டும். அப்படி முன்கூட்டி நுழைந்த கண்ணுக்கு இறுதியில் தையல் போடத் தயங்கக்கூடாது. 'தையலில்லா அறுவை' என்ற பெயரைக் காப்பாற்றுவது நம் வேலை அன்று.

ஆட்டுக்கண்ணின் லென்ஸ் மென்மையானது என்பதால், முதிர்ந்த நியூக்ளியஸை (லென்ஸின் கடினமான நடுப்பகுதியை) வெளியேற்றும் பாடத்தை அது கற்றுத்தராது. அதை ஆசிரியர் அருகிலிருக்க மனிதக் கண்ணில்தான் கற்கவேண்டியிருக்கிறது. நியூக்ளியஸின் மேலும் கீழும் விஸ்கோ (திசுக்களைக் காக்கும் கூழ்) நிரப்பிய பின்பே வெக்டிஸை (கரண்டி போன்ற கருவியை) நுழைத்து, அதை மேலே தூக்காமல் டனலின் கீழ் உதட்டை அழுத்தியபடி இழுக்கவேண்டும்; தூக்கினால் உரசுவது கருவிழியின் உட்புறச் செல்லடுக்கான எண்டோதீலியம், அந்தச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. சிக்கிக்கொண்டால் பலத்தைக் கூட்டாமல் டனலின் உள்வாயை அகலப்படுத்தவேண்டும்.

லென்ஸ் முழுதும் வெளுத்த வெள்ளைப் புரையில், உறையைத் தெளிவாகக் காட்டும் டிரைபான் நீலச் சாயம் இன்றி லென்ஸ் உறையைத் திறக்கக் கற்பவரை அனுமதிக்கவேண்டாம்.

விளைவுகளைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 1998இல் வகுத்த அளவுகோலின்படி, கண்ணாடித் திருத்தத்துடன் 90 விழுக்காட்டினருக்கேனும் 6/18 (இயல்பான கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை இருக்கவேண்டும். 6/60க்கும் குறைவானோர் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கற்பவர் ஒவ்வொருவரும் தம் நோயாளிகளின் மறுநாள் பார்வையையும் ஆறாம் வாரப் பார்வையையும் தாமே எழுதிவைத்து, குறைந்த பார்வை ஒவ்வொன்றுக்கும் அது அறுவையின் பிழையா, விழித்திரை நோயா, கண்ணாடி தராததா என்று குறித்து, வீடியோப் பதிவுடன் ஆசிரியரிடம் காட்டவேண்டும்.